"வயித்தால போகுது, என்ன சாப்பிடலாம்?" – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருந்துக் கடை கவுண்டருக்குப் பின்னால் நிற்பவளிடம் யாரும் வயிற்றுப்போக்கைப் பற்றி உரக்கப் பேசுவதில்லை. பக்கத்தில் நிற்பவர் நகரும்வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்தி, "நிக்கிறதுக்கு ஏதாவது குடுங்க" என்பார்கள். மாத்திரையைக் கேட்பவர்கள்தான் அதிகம். என்ன குடிப்பது, என்ன சாப்பிடுவது என்ற சந்தேகமோ காசை எண்ணிக் கொடுத்து, படியிறங்கப் போகும்போதுதான் வரும். பல வருடங்களாக அந்தப் படியருகே கேட்ட கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே சேர்த்திருக்கிறேன்.

இன்னைக்கு ரெண்டு தடவை இளகலாப் போச்சு. இது பேதிதானா?

இன்னும் இல்லை. 24 மணி நேரத்தில் 3 தடவையோ அதற்கு மேலோ, தண்ணீராக அல்லது உருவமில்லாமல் போனால்தான் வயிற்றுப்போக்கு என்று கணக்கு. உங்கள் வழக்கத்தைவிட அதிகமா என்பதையும் பார்க்க வேண்டும். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை ஒரு நாளைக்குப் பல தடவை இளகலாகப் போவது இயல்பு.

பெரும்பாலான வயிற்றுப்போக்கு கிருமித் தொற்றால் வருவது. சில நாட்களில் தானாகவே அடங்கிவிடும். 14 நாட்களைத் தாண்டி நீடித்தால் காரணம் வேறாக இருக்கலாம், அதற்கு இந்தப் பக்கம் போதாது.

வயித்தைக் காயப்போட்டா தானா நின்னுடும்னு அம்மா சொல்றாங்க. சரிதானே?

அம்மா சொல்வதில் கால்வாசி நியாயம் உண்டு. குடல் செரிக்க முடியாத ஏதோ ஒன்று உள்ளே போய், அது தண்ணீரை இழுத்து வெளியேற்றும் வகையென்றால், சாப்பிடாமல் இருந்தால் குறையும். ஆனால் தொற்றால் வரும் போக்கு அப்படியில்லை. நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் குடல் நீரைச் சுரந்துகொண்டேதான் இருக்கும்.

இதற்கு ஒரு கணக்கைத் தெரிந்துகொண்டால் போதும். ஆரோக்கியமான ஒருவரின் சிறுகுடலுக்குள் தினமும் 8, 9 லிட்டர் திரவம் வருகிறது. நாம் குடிப்பது அதில் 2 லிட்டர் இருக்கும். மீதியெல்லாம் எச்சில், இரைப்பைச் சாறு, பித்தம், கணைய நீர், குடலின் சொந்தச் சுரப்பு. இவ்வளவையும் குடல் திரும்ப உறிஞ்சிக்கொண்டு, மலத்தோடு 100, 200 மில்லிதான் வெளியே விடும். இந்த உறிஞ்சும் வேலை கொஞ்சம் தடுமாறினாலே லிட்டர் கணக்கில் போய்விடும். அப்படிப் போவது நீங்கள் மதியம் சாப்பிட்ட சோறு இல்லை, உங்கள் உடம்பின் தண்ணீரும் உப்பும்தான்.

இன்னொன்று, குடலின் உள்சுவரிலுள்ள செல்கள் தங்களுக்கான சத்தில் பெரும்பகுதியைத் தம்மைக் கடந்து போகும் உணவிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. பட்டினி போட்டால் புண்பட்ட சுவர் ஆறுவது தள்ளிப்போகும். பசியில்லாத முதல் சில மணி நேரம் சாப்பிடாமல் இருப்பதில் தப்பில்லை. ஆனால் குடிப்பதை மட்டும் நிறுத்தவே கூடாது.

தண்ணி நிறைய குடிக்கிறேனே, அது போதாதா?

பெரியவருக்கு, லேசான போக்கு, கூடவே உணவும் உள்ளே போகிறது என்றால் போதும். போக்கு பலமாக இருந்தாலோ, குழந்தையாகவோ முதியவராகவோ இருந்தாலோ போதாது. போனது வெறும் தண்ணீர் இல்லையே, சோடியமும் பொட்டாசியமும் சேர்ந்துதான் போயிருக்கிறது. வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் சோடியம் இன்னும் இறங்கும். தலைசுற்றலும் சோர்வும் குழப்பமும் வரலாம்.

ஓ.ஆர்.எஸ் என்கிற உப்புச் சர்க்கரைக் கரைசல் வேலை செய்வதற்குக் காரணம் ஒரு சின்னச் சூட்சுமம். குடல் சுவரில் ஒரு வாசல் இருக்கிறது. சோடியமும் குளுக்கோஸும் ஜோடியாக வந்தால்தான் அது திறக்கும். அவை உள்ளே போகும்போது தண்ணீரும் பின்னாலேயே போகும். கிருமி குடலை என்ன பாடுபடுத்தினாலும் இந்த வாசல் பெரும்பாலும் பழுதாவதில்லை. கரைசலில் சர்க்கரை சேர்ப்பது ருசிக்காகவோ தெம்புக்காகவோ இல்லை, இந்த வாசலுக்கான சாவியாக.

1971-ல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் போங்கான் அகதிகள் முகாமில் காலரா பரவியது. ஏற்றுவதற்கு சலைன் தீர்ந்துபோன நிலையில் மருத்துவர் திலீப் மஹலனபிஸ், உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைப் பீப்பாய்களில் வைத்து, உறவினர்களையே ஊட்டச் சொன்னார். சுமார் 30 விழுக்காடாக இருந்த இறப்பு 3.6 விழுக்காடாக இறங்கியது. கவுண்டரில் யாராவது "இது வெறும் உப்புத்தண்ணிதானே" என்று உதட்டைப் பிதுக்கும்போது எனக்கு அந்தப் பீப்பாய்கள்தான் நினைவுக்கு வரும்.

பாக்கெட்ல பாதியை இன்னைக்குக் கரைச்சுட்டு, மீதியை நாளைக்கு வெச்சுக்கலாமா?

கூடாது. பாக்கெட்டுக்குள் நான்கு பொருட்கள் கலந்திருக்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் 2002 அளவுப்படி 1 லிட்டருக்கு சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சிட்ரேட் உப்பு 2.9 கிராம். பாதியைக் கொட்டும்போது எது எவ்வளவு விழுந்தது என்று யாருக்கும் தெரியாது.

உறையில் எத்தனை மில்லி என்று போட்டிருக்கிறதோ அத்தனை சுத்தமான நீரில் முழுப் பாக்கெட்டையும் கரையுங்கள். 1 லிட்டர் பாக்கெட்டும் உண்டு, 200 மில்லி பாக்கெட்டும் உண்டு. பெரிய பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்துக் குழந்தைக்குக் கொடுப்பது ஆபத்தான தவறு. நீரைக் கொதிக்க வைப்பதாக இருந்தால் முதலில் கொதிக்க வைத்து, ஆறிய பிறகு தூளைப் போடுங்கள். பாலில், ஜூஸில் கரைக்காதீர்கள், கூடச் சர்க்கரையும் போடாதீர்கள். 24 மணி நேரத்துக்குப் பிறகு மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும்.

ராத்திரி நேரம், பாக்கெட் கிடைக்கல. வீட்டிலேயே கலக்கிக்கலாமா?

கலக்கலாம். 1 லிட்டர் சுத்தமான நீரில் தலை தட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, தலை தட்டிய அரை டீஸ்பூன் உப்பு. கரண்டியில் குவித்து எடுக்காதீர்கள், விரலால் வழித்துவிட்டு அளக்க வேண்டும். கலக்கியதும் நாக்கில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். கண்ணீரைவிடக் கரிப்பாக இருந்தால் உப்பு கூடிவிட்டது. அதைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள்; தண்ணீர் ஊற்றிச் சரிக்கட்டப் பார்த்தால் சர்க்கரை அளவு குழம்பிவிடும்.

இதில் பொட்டாசியம் இல்லை என்பது ஒரு குறை. வாழைப்பழமோ வேகவைத்த உருளைக்கிழங்கோ கூடச் சாப்பிட்டால் அது ஓரளவு ஈடாகும். உப்பு போட்ட, நீர்த்த அரிசிக் கஞ்சியும் நல்ல மாற்று. அரிசியின் மாவுச்சத்து குடலில் மெல்ல மெல்லக் குளுக்கோஸாக உடைந்து மேலே சொன்ன அதே வாசலைத்தான் திறக்கிறது. பாக்கெட் கிடைத்ததும் அதற்கு மாறிவிடுங்கள்.

எவ்வளவுதான் குடிக்கணும்? சரியா ஒரு அளவு சொல்லுங்க.

ஒவ்வொரு தடவை போன பிறகும், 2 வயதுக்குக் கீழே 50 முதல் 100 மில்லி. 2 முதல் 10 வயது வரை 100 முதல் 200 மில்லி. அதற்கு மேல் தாகம் தீரும்வரை. இது வழக்கமாகக் குடிப்பதற்கு மேலாக.

மில்லியைவிட எனக்கு நம்பிக்கையான அளவுகோல் சிறுநீர்தான். வெளிர் மஞ்சளாக, சில மணி நேரத்துக்கு ஒரு தடவை போனால் குடிப்பது போதுமானது. அடர்நிறமாகக் கொஞ்சமே போனால் போதவில்லை. முதியவர்களிடம் "தாகமா இருக்கா?" என்று கேட்டுவிட்டு விட்டுவிடாதீர்கள். வயதாக ஆகத் தாக உணர்வே மழுங்கிப்போகும். உடம்பு வற்றினாலும் அவர்களுக்குத் தெரியாது. கேட்காமல் டம்ளரைக் கையில் கொடுங்கள்.

குடிச்ச உடனே வாந்தி எடுக்கிறானே, அப்புறம் எப்படிக் குடுக்கிறது?

தாகத்தில் மடமடவென்று குடித்திருப்பான். 10 நிமிடம் பொறுங்கள். பிறகு 2, 3 நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே. இது பொறுமையைச் சோதிக்கும் வேலை. ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஊட்டினால் ஒரு டம்ளரில் பாதி உள்ளே போயிருக்கும், ஆனால் அந்தப் பாதி தங்கும். வாந்தியில் கொஞ்சம் வெளியே வந்தாலும் ஒரு பங்கு அதற்குள் குடலுக்குப் போயிருக்கும் என்பதால் மனம் தளர வேண்டாம். ஸ்பூனால் கொடுத்தும் எதுவுமே தங்கவில்லை என்றால் வீட்டில் வைத்துப் பார்க்கும் கட்டம் முடிந்தது.

சோடா, ஜூஸ், விளையாடுறவங்க குடிக்கிற பானம்... இதெல்லாம் தெம்பு தருமே?

குளிர்பானங்களிலும் இனிப்பான ஜூஸ்களிலும் சர்க்கரை மிக அதிகம், சோடியம் கிட்டத்தட்ட இல்லை. அவற்றின் அடர்த்தி ரத்தத்தைப்போல ஏறத்தாழ இரு மடங்கு. அடர்த்தியான நீர் குடலுக்குள் வந்தால் உடம்பிலிருந்து தண்ணீர் குடலுக்குள் இழுக்கப்படும், அதாவது போக்கு கூடும். ஆப்பிள், பேரிக்காய் ஜூஸில் சார்பிட்டால் என்ற இயற்கை இனிப்புப் பொருளும் உண்டு, அது தானே மலமிளக்கி. "சர்க்கரை இல்லாதது" என்று எழுதிய மிட்டாய், சூயிங்கம் பலவற்றிலும் இதே சார்பிட்டால் இருக்கும். விளையாட்டு பானம் வியர்வைக்காகத் தயாரித்தது. அதில் சோடியம் ஓ.ஆர்.எஸ்ஸில் இருப்பதில் பாதிகூட இருக்காது. பெரியவருக்கு லேசான போக்கு என்றால் கூடவே உப்பு பிஸ்கட் சாப்பிட்டுச் சமாளிக்கலாம், சின்னக் குழந்தைக்கு வேண்டாம்.

இதற்கு ஒரு விதிவிலக்கையும் சொல்ல வேண்டும். கனடாவில் நடந்து 2016-ல் வெளியான ஓர் ஆய்வில், நீரிழப்பு மிக லேசாக இருந்த சிறு குழந்தைகளுக்கு, பாதிக்குப் பாதி நீர் கலந்த ஆப்பிள் ஜூஸும் பிறகு அவர்கள் விரும்பிய பானமும் கொடுத்தபோது, ஓ.ஆர்.எஸ் கொடுத்தவர்களைவிடக் குறைவான பேருக்கே மேற்கொண்டு சிகிச்சை தேவைப்பட்டது. காரணம் எளிது, பிடித்ததைக் குழந்தை குடிக்கும். ஆக, துள்ளி விளையாடும் குழந்தை கரைசலைத் துப்பினால் பதறாமல் நீர்த்த ஜூஸ் கொடுக்கலாம். வாடிக் கிடக்கும் குழந்தைக்கு இது பொருந்தாது.

சரி, சாப்பிட என்னதான் தரலாம்? சோறும் ரொட்டியும் மட்டும்தானா?

வாழைப்பழம், சோறு, ஆப்பிள் மசியல், வாட்டிய ரொட்டி என்று ஒரு நாலு பொருள் பட்டியல் பல வருடமாக வலம் வருகிறது. ஒரு நாள் அதைச் சாப்பிட்டால் கெடுதல் இல்லை. அதிலேயே மூன்று நாள் ஓட்டினால் புரதமும் கொழுப்பும் இல்லாமல் உடம்பு இளைக்கும். குழந்தைகளுக்கு அந்தப் பட்டியலை இப்போது குழந்தை மருத்துவர்கள் பரிந்துரைப்பதில்லை.

பசி எடுத்ததும் வழக்கமான உணவுக்கே திரும்பலாம். குழைந்த சோறு, உருளைக்கிழங்கு, ஓட்ஸ், நன்றாக வெந்த பருப்பு, அவித்த முட்டை, எண்ணெய் குறைவாகச் சமைத்த மீன், தோல் நீக்கிய கோழி, வேகவைத்த கேரட், பூசணி எல்லாம் ஆகும். மூன்று வேளைச் சாப்பாட்டை ஐந்தாறு சிறு வேளைகளாகப் பிரியுங்கள். தள்ளிவைக்க வேண்டியவை பொரித்தது, கொழுப்பு மிகுந்தது, காரம், தவிடு நீக்காத தானியம், பச்சைக் காய்கறி. கொழுப்பு சரியாக உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குப் போனால் அங்கேயும் நீர்ச் சுரப்பைத் தூண்டும். காரம் நோயைக் கூட்டாது, ஆனால் எரிச்சலை இரண்டாவது முறையும் அனுபவிக்க வேண்டியிருக்கும்.

வாழைப்பழம் கட்டும்னு ஒருத்தர், இளக்கும்னு ஒருத்தர். எதை நம்புறது?

இருவரையும் நம்பலாம், அவர்கள் பேசுவது வேறு வேறு பழத்தை. காயாக, அரைப்பழமாக இருக்கும்போது அதில் சிறுகுடலில் செரிக்காத மாவுச்சத்து நிறைய. அது பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள நல்ல பாக்டீரியாக்களால் நொதித்துச் சிறு கொழுப்பு அமிலங்களாகிறது. அந்த அமிலங்கள் சோடியத்தையும் நீரையும் திரும்ப உறிஞ்சத் தூண்டும். கனியக் கனிய அந்த மாவுச்சத்து சர்க்கரையாகிவிடும். இப்போதைக்கு அதிகம் கனியாத பழமோ வேகவைத்த வாழைக்காயோ மேல்.

பால் கூடாது, தயிர் சரி என்கிறீங்க. ரெண்டும் ஒரே மாட்டிலிருந்துதானே வருது?

பாலிலுள்ள லாக்டோஸை உடைக்கும் நொதி குடல் சுவரின் விரல் போன்ற முளைகளின் நுனியில் இருக்கிறது. தொற்று வந்தால் முதலில் உதிர்வது அந்த நுனிதான். உடையாத லாக்டோஸ் தண்ணீரை இழுக்கும், வாயுவும் உப்புசமும் தரும். தயிரில் பாக்டீரியா லாக்டோஸில் ஒரு பகுதியை ஏற்கனவே தின்றுவிட்டிருக்கும். மிச்சத்தை உடைக்கவும் அவை உதவும். அதனால்தான் இந்த வித்தியாசம். சர்க்கரை கொட்டிய பழத் தயிர் இந்தக் கணக்கில் வராது.

எல்லோருக்கும் பால் ஒத்துக்கொள்ளாமல் போவதில்லை. குடித்தால் கூடுகிறதா என்று பாருங்கள். கூடினால் ஓரிரு வாரம் விட்டுவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

அப்போ கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலையும் நிறுத்தணுமா?

நிறுத்தவே கூடாது. மேலே சொன்னது இதற்குப் பொருந்தாது. தாய்ப்பாலிலும் லாக்டோஸ் உண்டுதான், ஆனால் நீரும் சத்தும் நோய் எதிர்ப்புப் பொருளும் சேர்ந்து வருவதால் நன்மையே மிகுதி. வழக்கத்தைவிட அடிக்கடி கொடுங்கள், இடையில் ஓ.ஆர்.எஸ் ஸ்பூனால். புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்கு அதே பால்மாவை அதே அளவில் தொடருங்கள். "லேசா இருக்கட்டும்" என்று அதிகத் தண்ணீர் ஊற்றுவதால் சத்துதான் குறையும். ஒரு வயதுக்குள் தேன் எதிலும் கலக்காதீர்கள்.

குழந்தைகளுக்குத் துத்தநாகச் சத்தும் சேர்த்துத் தருவது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை: தினமும், 10 முதல் 14 நாட்கள். மூன்றாம் நாள் போக்கு நின்றதும் பாட்டிலை மூடி வைத்துவிடுவது எல்லா வீட்டிலும் நடக்கிறது. சொன்ன நாள்வரை கொடுத்து முடியுங்கள். அளவை மருத்துவரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

டீ, காபி இல்லாம என்னால இருக்க முடியாதே?

காபின் குடலை முடுக்கும். இரண்டு நாள் குறையுங்கள். தலைவலி தாங்கவில்லை என்றால் பால் இல்லாத லைட் டீ ஒன்று. மது வேண்டவே வேண்டாம்.

சாப்பிட்ட பத்தாவது நிமிஷம் ஓட வேண்டியிருக்கு. சாப்பிட்டது அப்படியே வருதா?

இல்லை. இரைப்பை நிறைந்ததும் "இடம் காலி செய்" என்று பெருங்குடலுக்குச் சமிக்ஞை போகும். எல்லோருக்கும் உள்ள அனிச்சைச் செயல்தான். இப்போது அது தூக்கலாகத் தெரிகிறது, அவ்வளவே. வெளியே வருவது முன்பே அங்கே இருந்தது. தக்காளித் தோலும் சோளமும் முழுசாகத் தெரிவதும் சகஜம். இதற்குப் பயந்து சாப்பாட்டை நிறுத்தினால் நாம் பட்டினிக் கேள்விக்கே திரும்பிவிடுகிறோம்.

எனக்கு சுகர் இருக்கு, பி.பி.யும் இருக்கு. சர்க்கரையும் உப்பும் கலந்ததைக் குடிக்கலாமா?

இந்தக் கேள்வியைப் பயந்து பயந்து கேட்பார்கள், பயத்தில் ஒரு நியாயமும் உண்டு. 200 மில்லி ஓ.ஆர்.எஸ்ஸில் குளுக்கோஸ் 3 கிராமுக்கும் குறைவு. நீரிழப்பு சுகரைத் தாறுமாறாக்குவதோடு ஒப்பிட்டால் அது பெரிய விஷயமில்லை. குடியுங்கள், சுகரை வழக்கத்தைவிட அடிக்கடி பாருங்கள். உப்பும் அப்படித்தான், இழந்ததை ஈடுகட்டுகிறீர்கள், கூட்டவில்லை. போக்கு நின்ற பிறகும் சத்துப் பானம்போலக் குடித்துக்கொண்டிருந்தால்தான் தப்பு.

உண்மையில் பார்க்க வேண்டியது நீங்கள் தினமும் போடும் மாத்திரைகளை. சிறுநீர் பெருக்கும் மாத்திரை, சில ரத்த அழுத்த மாத்திரைகள், சுகருக்கான மெட்பார்மின் போன்றவை உடம்பு வற்றியிருக்கும்போது சிறுநீரகத்துக்குச் சிக்கலாகலாம். தற்காலிகமாக நிறுத்துவதா என்று அன்றே மருத்துவரிடம் போனில் கேளுங்கள். நீங்களாக முடிவெடுக்க வேண்டாம், இன்சுலினை நீங்களாக நிறுத்தவே வேண்டாம். சிறுநீரகக் கோளாறோ இதயச் செயலிழப்போ உள்ளவர்கள் எவ்வளவு குடிக்கலாம் என்பதையே கேட்டுத்தான் தொடங்க வேண்டும்.

இவ்வளவு எதுக்கு, நிக்கிறதுக்கு ஒரு மாத்திரை போட்டா முடிஞ்சுதே?

மாத்திரை விற்பவளே சொல்கிறேன், முடியாது. போக்கை நிறுத்த வாங்கும் லோபரமைடு மாத்திரை குடலின் ஓட்டத்தை மெதுவாக்கும். கிருமியை ஒன்றும் செய்யாது, இழந்த நீரையும் திருப்பித் தராது. தண்ணீராகப் போகும், காய்ச்சல் இல்லாத பெரியவர் பயணத்துக்காகப் போட்டுக்கொள்ளலாம். ரத்தமோ கடும் காய்ச்சலோ இருந்தால் போடக் கூடாது. குழந்தைகளுக்கு நீங்களாகக் கொடுக்கவே கூடாது. வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கும் அப்படித்தான். பெரும்பாலான வயிற்றுப்போக்குக்கு அது உதவாது, அதுவே வயிற்றுப்போக்கைக் கொண்டுவரவும் செய்யும்.

எப்போ டாக்டரைப் பார்த்தே ஆகணும்?

மலத்தில் ரத்தம், தார்போலக் கறுப்பு, 39 டிகிரி செல்சியஸைத் தாண்டும் காய்ச்சல், தாங்க முடியாத வயிற்று வலி, எதுவும் தங்காத வாந்தி. எழுந்தால் தலைசுற்றல், 8 மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, பேச்சில் குழப்பம். குழந்தைக்கு அழும்போது கண்ணீர் வராதது, குழிந்த கண், வறண்ட வாய், துவண்டு கிடப்பது, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத் திரும்புவது. இவற்றில் ஒன்று இருந்தாலே கிளம்புங்கள், வழியிலும் ஓ.ஆர்.எஸ் கொடுத்துக்கொண்டே போங்கள். இரும்புச்சத்து மாத்திரை மலத்தைக் கறுப்பாக்கும், பீட்ரூட் சிவப்பாக்கும். அதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

இந்த அறிகுறிகள் இல்லாவிட்டாலும் பெரியவருக்கு 2 நாளிலும், சிறு குழந்தைக்கு 1 நாளிலும் குறையவில்லை என்றால் காட்டுங்கள். கைக்குழந்தை, கர்ப்பிணி, முதியவர், எதிர்ப்பு சக்தி குறைந்தவர் என்றால் அவ்வளவும் காத்திருக்க வேண்டாம். சமீபத்தில் ஆன்டிபயாடிக் எடுத்திருந்தால் அதைத் தவறாமல் சொல்லுங்கள்.

நேத்தோட நின்னுடுச்சு. இன்னைக்கு எல்லாத்தையும் ஒரு கை பார்க்கலாமா?

ஒரு கை பார்க்கலாம், இரண்டு கை வேண்டாம். பொரித்ததும் பாலும் கடைசியில் வரட்டும். ஓரிரு நாள் மலமே வராமல் இருக்கலாம். குடல் காலியாகியிருக்கிறது, மலச்சிக்கல் என்று நினைத்து மருந்து கேட்டு வராதீர்கள். குழந்தைக்கு மட்டும் இளைத்ததை மீட்க அடுத்த இரண்டு வாரம் தினம் ஒரு வேளை கூடுதலாகக் கொடுங்கள்.

வீட்டில் சமைப்பவர் நீங்கள்தான் என்றால், நின்ற பிறகும் 48 மணி நேரம் அடுப்படியை வேறு யாரிடமாவது விடுங்கள். அதுவரையும் அதற்குப் பிறகும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். கையில் தேய்க்கும் ஆல்கஹால் ஜெல், நோரோ வைரஸ் போன்ற சில வயிற்றுக் கிருமிகளிடம் சரியாக வேலை செய்யாது.